நெரையும் வடிவும்

இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே என் வேலைக் காலம் முழுவதையும் ஓட்டிவிட்டேன். ஒன்று அம்மா கொடுத்தது: நெரை. மற்றொன்று என் மேலதிகாரி அருளம்பலம் சார் கொடுத்தது: வடிவு. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். ஆனால் இரண்டையும் நான் அதிகம் பயன்படுத்தியது கணினி முன்னால் உட்கார்ந்துதான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் படியுங்கள்.

இதை எழுத வைத்தவர்கள் என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள். தீபாவளி விருந்துக்கு வரச் சொல்லி அழைத்தார்கள், போனேன். சாப்பாடு முடிந்ததும் புதிதாக வாங்கிய கணினியைத் திறந்து காட்டினார்கள். "மேடம், உள்ளே நாலு கிராபிக்ஸ் கார்டு இருக்கு. நாலும் ஒரே படத்தப் பங்கு போட்டு வரையும். உங்க காலத்துல இதெல்லாம் நெனச்சுக்கூட பாத்திருக்க மாட்டீங்கல்ல?" என்றாள் ஒரு பெண்.

'உங்க காலத்துல' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். அது என் பிறவிக் குணம். "ஏன் பாக்கல? ஈப்போவுல காப்பிக்கடை மாடியில நாங்க அதத்தான் செஞ்சோம்-லா" என்றேன். கிழவி கதை விடுகிறாள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்தது மலேசியாவில், ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பேச்சின் வாலில் 'லா' ஒட்டிக்கொண்டதும் அங்கேதான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். தோட்டத்துப் பள்ளி, பிறகு ஈப்போவில் இடைநிலைப் பள்ளி, அதன் பிறகு வரைபடம் வரையும் பயிற்சி. எழுபதுகளின் நடுவில் ஒரு பொறியியல் ஆலோசனை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கீழே காப்பிக்கடை, மாடியில் நாங்கள். காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை என் உடுப்பில் அப்படியே ஏறிவிடும். "ஆபீசுக்குத்தான் போறியா, இல்ல காப்பி வறுக்கப் போறியாடி?" என்று அம்மா கேலி செய்வார்.

அருளம்பலம் சார் தைப்பிங்கில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பார். எந்த வெயிலுக்கும் அதை அவிழ்த்து நான் பார்த்ததில்லை. அவர் வரைபடம் பார்க்கும் விதமே தனி. முதலில் சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பார். பிறகு மேசையில் விரித்து மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார். கடைசியில் தலைகீழாகத் திருப்பி வைத்து ஒரு தடவை பார்ப்பார். நேராக வைத்தால் கண் தனக்குத் தெரிந்ததை நிரப்பிக்கொள்ளுமாம், தலைகீழாக வைத்தால் இருப்பதை மட்டும்தான் பார்க்குமாம். பிழை இருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஊசி குத்தியதுபோல அவ்வளவு சின்னப் புள்ளி. என்ன பிழை என்று வாயைத் திறக்கமாட்டார். நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். புள்ளியே இல்லாமல் தாள் திரும்பி வந்தால், "ம், சரி" என்பார். அந்த "ம், சரி"க்காக நான் பகல் சாப்பாட்டை மறந்த நாள்கள் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவர் தமிழ் பாதி புரியாது. அலுவலகத்தைக் கந்தோர் என்பார். என்னை "பிள்ளை" என்று கூப்பிடுவார், அது பிடித்திருந்தது. ஆனால் "நீர் குடிச்சிட்டீரோ?" என்று ஒரு நாள் கேட்டார். நான் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "இல்ல சார், தே-ஓ குடிச்சேன்" என்றேன். தே-ஓ என்பது பால் விடாத தேநீர். தேநீரைத்தான் கேட்டேன், நீர் என்றால் நீதான் என்று அவர் விளக்குவதற்குள் மொத்த மாடியும் சிரித்துவிட்டது.

வடிவு வந்தது அதே வாரத்தில். ஓர் ஓடையின் வரைபடத்தை மெல்லிய தாளில் படியெடுக்கச் சொன்னார். "இந்தக் கோட்டை வடிவாப் போடும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். வடிவு என்றால் அழகு என்றுதானே நான் படித்திருக்கிறேன். அந்த ஓடைக்கோடோ குடிகாரன் நடந்ததுபோலக் கோணல்மாணலாக இருந்தது. வளைகோட்டு அட்டையை எடுத்து வைத்து அதை இழை இழையாக வளைத்து, கோலம் மாதிரி அழகாகப் போட்டுக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது ஓடை முழுக்கப் புள்ளி. அம்மை போட்டதுபோல் இருந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் மேசைக்கே போய் நின்றேன். "சார், வடிவாப் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க? இதவிட அழகா யாரால போட முடியும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அலுவலகத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லையாம். "பிள்ளை, எங்கடை ஆக்கள் வடிவா எண்டால் ஒழுங்கா, கவனமா, உள்ளபடி எண்டு அர்த்தம். ஆறு கோணலா ஓடினால் கோணலாப் போடுறதுதான் வடிவு."

"அப்ப அழகா இருக்கிறத என்னான்னு சொல்வீங்க?"

"அதையும் வடிவு எண்டுதான் சொல்லுவம்."

"அப்பறம் எது எதுன்னு எப்படி சார் தெரிஞ்சுக்கிறது?"

"சொல்லுற ஆளைப் பாத்துத் தெரிஞ்சுகொள்ளும்" என்றார். அவர் வாயில் வந்தால் அது எப்போதும் 'உள்ளபடி'தான் என்று எனக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது.

இப்படியே கையால் வரைந்துகொண்டிருந்தபோது எண்பதுகள் வந்தன, கணினியும் வந்தது. அதோடு ஹெங் வந்து சேர்ந்தான். காம்பாரில் தோட்டத்து முக்குச் சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பையன். கடைக்கு வரும் தமிழ் ஜனங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவன். "அக்கா, அரிசி வேணுமா, மாவு வேணுமா" என்ற அதே தொனியில்தான் கணினியைப் பற்றியும் பேசுவான். நிரல் எழுதுவது அவன் வேலை. அளவுகளைக் கணினிக்குள் ஏற்றுவது என் வேலை. இன்னும் கட்டாத கட்டடம் கட்டிய பிறகு எப்படித் தெரியும் என்பதைத் திரையில் வண்ணப் படமாக வரவழைப்பதுதான் எங்கள் இருவருக்கும் சார் கொடுத்த பொறுப்பு.

அப்போதைய கணினிக்கு அது மலையைப் புரட்டுகிற வேலை. கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒரு பலகையை உள்ளே செருகுவோம். அதில் இருக்கும் சில்லுதான் படத்தைக் கணக்குப் போட்டு, மேலிருந்து கீழாக வரி வரியாக நிரப்பும். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓடும். ஈப்போவிலோ பகல் சாய்ந்தால் இடி இடிக்கும். ஒரு மின்னல், மின்சாரம் ஒரு சிமிட்டு, அவ்வளவுதான். மறுபடி முதல் வரியிலிருந்து. படம் முழுசாக வந்துவிட்டால் சன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, கேமராவை முக்காலியில் நிறுத்தித் திரையைப் புகைப்படம் எடுப்போம். பக்கத்துப் படக்கடையில் கழுவிப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டினால்தான் வாடிக்கையாளருக்குப் படம்.

இடியோடு போட்டி போட முடியாமல்தான், கார்டு செருகிய மேலும் மூன்று பழைய கணினிகளை சார் வாங்கிப் போட்டார். "நாலையும் சேத்து ஒரே படத்தைப் போட வையும்" என்றார் ஹெங்கிடம். ஹெங் படத்தைப் பாயைப் போல நாலாக நறுக்கினான். மேல் துண்டு முதல் பெட்டிக்கு, அடுத்தது இரண்டாவதுக்கு, இப்படி. மேல் துண்டு முழுக்க வானம். அந்தப் பெட்டி நாங்கள் ஒரு தே-ஓ குடிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது. கீழ்த் துண்டில் வீடு, மரம், நிழல் எல்லாம். அந்தப் பெட்டி முக்கி முனகிக்கொண்டே இருந்தது. இடி வந்தது, போச்சு.

"இன்னும் ஒரு பெரிய கார்டு வாங்கணும் அக்கா" என்றான் ஹெங், தலையில் கைவைத்துக்கொண்டு.

"கார்டு இருக்கட்டும்-லா. எங்க தோட்டத்துல இப்படிப் பிரிச்சுக் குடுத்தா பெரட்டுக் களத்துலயே சண்டை வந்திரும்" என்றேன். பெரட்டு என்பது விடியும் முன் தோட்டத்து ஆள்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அங்கேதான் வேலையை மேற்பார்க்கும் தண்டல் அவரவருக்கு மரவரிசையைப் பிரித்துக் கொடுப்பார். அந்த வரிசைக்குத்தான் தோட்டத்தில் நெரை என்று பெயர். ஒருத்திக்குச் சமநிலம் முழுவதையும், இன்னொருத்திக்குப் பள்ளம் முழுவதையும் கொடுத்தால் பள்ளத்துக்காரி எப்போது வீடு போய்ச் சேருவாள்? அதனால் ஆளுக்குக் கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம் வருகிற மாதிரி கலந்துதான் கொடுப்பார்கள். என் மனதில் இருந்தது, படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கிக் கலந்து கொடுக்கலாம் என்பதுதான். ஹெங் அதைக் கேட்டு ஒரே தாவாகத் தாவிவிட்டான். கட்டம் எதற்கு? வரியே நெரைதானே? முதல் வரி முதல் பெட்டிக்கு, இரண்டாவது வரி இரண்டாவதுக்கு, ஐந்தாவது வரி மறுபடி முதல் பெட்டிக்கு. வானமும் வீடும் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கும்.

அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவன் ஒரு கேள்வி கேட்டான். "உங்க அம்மா நெரையில எப்படி நடக்கும்?"

நான் மேசைத் தூசியில் விரலால் போட்டுக் காட்டினேன். ஒரு நெரையில் வெட்டிக்கொண்டே போய், அந்தக் கோடியில் திரும்பி, அடுத்த நெரையில் வெட்டிக்கொண்டே வருவார். வெறுங்கையோடு திரும்பி நடப்பது வீண் நடை அல்லவா? ஹெங் பயபக்தியோடு தலையாட்டினான். நான் தோட்டத்துக் கதை சொன்னேன், அவன் அதை நிரலாகவே எழுதிவிட்டான்!

ஒவ்வொரு பெட்டியும் ஒரு வரியை இடமிருந்து வலமாகவும், தன் அடுத்த வரியை வலமிருந்து இடமாகவும் போட்டது. ஆனால் கணக்கு மட்டும் எப்போதும் இடமிருந்தே வந்துகொண்டிருந்தது. சேர்த்துப் பார்த்தால் நாலு வரி சரியாக, அடுத்த நாலு வரி கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி, படம் முழுக்க அப்படியே. இடப்பக்கம் இருந்த மலை வலப்பக்கமும் கோடு கோடாக நின்றது. வீட்டுக்கு இரண்டு பக்கமும் வாசல். சார் வந்து தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார். திரையைத் தலைகீழாகத் திருப்ப முடியாமல் தன் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, மலைக்குப் பேய் பிடிச்சிட்டுதோ?"

"அது பேய் இல்ல சார், எங்கம்மா" என்றேன். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பு தாங்காமல். ஹெங் முகம் சிவந்து, "நான் வடிவா கேட்டேன்-லா சார்" என்றான். அந்தச் சொல் அவனுக்கும் தொற்றிக்கொண்டிருந்தது. திருத்துவது சுலபம், எல்லா வரியையும் ஒரே பக்கமிருந்து நடக்க வைத்தான். அதன் பிறகு நாலு பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் முடித்தன. வாடிக்கையாளர் யாராவது வந்து என்ன நடக்கிறது என்று கேட்டால், "நெரை ஓடுது" என்பான் ஹெங். யாருக்கும் புரியாது, எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

இனி அந்தக் கடினமான வேலைக்கு வருகிறேன். எண்பதுகளின் கடைசி. எங்கள் தோட்டத்தையே விற்றுவிட்டார்கள். மரங்களை அழித்து வீடமைப்புப் பகுதி கட்டப்போவதாகச் செய்தி. லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களுக்கெல்லாம் மலிவு விலையில் தரைவீடு தருவதாக நிலத்தை வாங்கிய மேம்பாட்டாளர் சொல்லியிருந்தார். அதற்குக் குடும்பத் தலைவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டால் லயத்தைக் காலி செய்ய வேண்டும், பிறகு பேச்சே கிடையாது. அந்த வீடுகளின் படத்தைப் போடும் வேலை எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. என் அம்மா போய்க் குடியிருக்கப்போகிற வீட்டை நான் வரையப்போகிறேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சார் அந்த வாரம் தைப்பிங்குக்குப் போயிருந்தார். மேம்பாட்டாளரின் மேலாளர், எப்போதும் அவசரத்திலேயே இருக்கிற ஒரு தமிழர், முன்னோட்டமாக ஒரு படம் உடனே வேண்டும் என்று நின்றார். நாலு பெட்டியில் மூன்று வேறொரு வேலையில் மாட்டியிருந்தன. ஒற்றைப் பெட்டியில் நிலத்தின் மேடுபள்ளம் எல்லாம் ஏற்றினால் நகராது. அதனால் அவசரப் படங்களுக்கு நாங்கள் எப்போதும் செய்வதுபோல் தரையைத் தட்டையாகவே வைத்து, வீடுகளையும் பின்னால் சுண்ணாம்பு மலையையும், பக்கத்தில் ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டையையும் போட்டோம். குட்டை நீலமாகப் பளபளத்தது. வீடுகளுக்கு வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலை ஒரு வீட்டின் மேல் வைத்தார். மூன்றாவது வீடு.

"இது நம்மளுது. கேட்டு வாங்கிருடி. கொளம் பக்கமா காத்து வரும்."

"அது கொளம் இல்லம்மா, ஈயம் எடுத்த லம்பத்துக் குட்டை."

"ஏதோ ஒண்ணு. அழகா இருக்கு." அன்று பூராவும் லயத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அந்தப் படம் போய்வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே அறையில் சமைத்துப் படுத்தவர் என் அம்மா. தனி அடுப்படி இருக்கிறதா என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

சார் திரும்பி வந்ததும் முன்னோட்டப் படத்தைக் கேட்டு வாங்கினார். தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். எங்கேயும் புள்ளி வைக்கவில்லை. பென்சிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நிலத்தை வடிவாப் போடேல்லையே, பிள்ளை" என்றார்.

"முன்னோட்டம்தானே சார்னு தட்டையா வெச்சோம். ஞாயித்துக்கிழமை தோட்டத்துல கூட்டம். அதுக்கு இதே போதும்னு அவங்க சொல்லிட்டாங்க."

"கூட்டத்திலை சனங்கள் இதைப் பாத்துத்தானே கையெழுத்துப் போடுவினம்? அப்ப நிலமும் வேணும். நாலு பெட்டியிலையும் நெரையைப் போடும்." எங்கள் தோட்டத்துச் சொல்லை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை. நில அளவையில் எடுத்த உயரங்களையெல்லாம் நான் முந்தைய நாளே ஏற்றி முடித்திருந்தேன். வீட்டு வாசலில் ஓர் ஆள் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ அந்தப் பார்வை. ஹெங் நாலு பெட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிவிட்டான். ஒவ்வொரு திரையிலும் ஒரு வரி வரும், மூன்று வரி இருட்டாக இருக்கும், மறுபடி ஒரு வரி. சன்னல் கம்பிக்குப் பின்னால் ஊர் தெரிவதுபோல நாலு திரையிலும் அதே ஊர் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. வானம், மலை. பிறகு கூரை வர வேண்டும். வரவில்லை. பழுப்பாக ஒரு பட்டை வந்தது.

"ஹெங், இது என்னாது? கூரைக்கு மேல மண்ணு வருது?"

"நிரல் சரி அக்கா. நான் வடிவா பாத்தேன்."

இன்னும் சில வரிகள். இப்போது கூரை வந்தது, பழுப்புப் பட்டைக்குக் கீழே. அந்தப் பட்டை குட்டையின் கரை. ஈயம் எடுத்தபோது அள்ளிக் கொட்டிய மணற்கரை. அது வீட்டுக் கூரைக்கு மேலே நின்றது. உயரத்தைத் தப்பாக ஏற்றிவிட்டேனோ என்று சாரிடம் ஓடினேன். அவர் கணினியைப் பார்க்கவே இல்லை. அளவைத் தாளை விரித்து, பென்சிலால் குட்டை நீரின் உயரத்தை ஒரு பக்கமும் வீட்டுத் தரையின் உயரத்தை இன்னொரு பக்கமும் எழுதினார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். மறுபடி கழித்தார்.

"பிழையில்லை பிள்ளை. தண்ணி மேலை நிக்குது. வீடுகள் கீழை."

குட்டைக்கும் அந்த வீடுகளுக்கும் நடுவில் இருந்தது அந்த மணல் மட்டும்தான். அம்மாவின் கட்டைவிரல் பதிந்த மூன்றாவது வீடு, கரை மிக மெலிந்திருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது. நான் அழுதேன், மறைப்பானேன்? ஹெங் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வெளியே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று பெட்டிகள் முடித்துவிட்டன. நாலாவது, இருப்பதிலேயே கிழடு, இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. "அக்கா, உங்க தோட்டத்துல ஒரு ஆளு முடிக்கலைன்னா?" என்றான் ஹெங்.

"முடிச்சவங்க போய்க் கைகுடுப்பாங்க."

அவன் கிழட்டுப் பெட்டியை நிறுத்தி, மிச்சமிருந்த நெரைகளை நாலுக்கும் பிரித்துவிட்டான். கடைசி வரி விழுந்து, நாலு பங்கையும் ஒரே திரையில் சேர்த்து, கறுப்புத் துணியை மாட்டி, நான் கேமராவை அழுத்தி முடித்து, துணியை விலக்கியபோது முதல் இடி விழுந்தது. விளக்கு அணைந்தது. படம் கேமராவுக்குள் பத்திரமாக இருந்தது. ஹெங் மழையில் நனைந்துகொண்டே படக்கடைக்கு ஓடினான்.

மேலாளர் சாயங்காலம் வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்னா சார் இது? ஜனங்களுக்குக் காட்ட ஒரு படம் கேட்டேன்-லா. நீங்க குட்டையத் தூக்கித் தலைக்கு மேல வெச்சிருக்கீங்க!"

"நான் வைக்கேல்லை. அது அங்கைதான் இருக்குது" என்றார் சார், குரலை உயர்த்தாமல்.

"மொதப் படம் எவ்வளவு அழகா இருந்துச்சு. அதையே குடுங்க, பணத்தை வாங்கிக்குங்க. இல்லன்னா இனிமே எங்க வேல உங்களுக்கு வராது."

அந்தக் காலத்தில் எங்கள் மாடியில் பாதி வேலை அவர்களுடையது. சார் முதல் படத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, பளபளக்கும் அந்த நீலக் குட்டையின் மேல் ஒரு புள்ளி வைத்தார். படத்தைத் தன் இழுப்பறையில் போட்டு மூடினார். "அது பிழையான படம். பிழையானதை என்ரை கந்தோரிலிருந்து குடுக்கமாட்டன். வேலை போனால் போகட்டும். இதை இருந்து வடிவாப் பாரும்" என்று இரண்டாவது படத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

மேலாளர் உட்கார்ந்தார். கீழேயிருந்து காப்பி வந்தது, அது ஆறியும் போனது. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று பார்க்கும் பார்வை அல்லவா, பார்க்கப் பார்க்கக் கரை நம் மேலேயே சாய்கிற மாதிரி இருக்கும். கடைசியில், "நாளைக்கு இதக் காட்டினா யாரு சார் கையெழுத்துப் போடுவா?" என்றார், முன்பிருந்த வேகம் இல்லாமல்.

"நானெண்டால் போடமாட்டன். நீர்?"

அவர் எழுந்து எங்கள் தொலைபேசியில் தன் முதலாளியை அழைத்தார். சீன மொழியில் நீண்ட பேச்சு. நடுவில் இரண்டு தடவை குரல் உயர்ந்தது. ஹெங் என் காதருகே, "சண்டை போடுது அக்கா. நம்ம பக்கம் பேசுது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானும் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். மேலாளர் இரண்டாவது படத்தைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்தார். "இந்த இடம் வேணாம்னு நாங்க முடிவு செஞ்சிட்டோம். மேல பெரட்டுக் களம் இருக்கிற மேட்டுப் பக்கமா வீட்ட மாத்துறோம். புதுப் பிளான் வந்தப்பறம் கையெழுத்துப் போடலாம்" என்றார். அந்த மனிதரை நான் அதுவரை மனதுக்குள் திட்டியதையெல்லாம் அங்கேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கோ ஏமாற்றம். "மொதப் படந்தான்டி நல்லா இருந்துச்சு. மேட்டுல ஏது கொளத்துக் காத்து?" என்று வீடு வரும்வரை முணுமுணுத்தார்.

வீடுகள் மேட்டில் எழும்பின. எங்கள் அலுவலகத்துக்கு அவர்களிடமிருந்து வேலையும் தொடர்ந்து வந்தது. பால் காய்ச்சிக் குடிபோன அன்று சாரும் ஹெங்கும் வந்தார்கள். சுவருக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை, சிமெண்டு தெரிந்தது. முன்பக்கம் ஒரே செம்மண். சார் உள்ளே வருவதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கே நின்று, கீழே தூரத்தில் தெரிந்த குட்டையையும் வீட்டுப் படியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வந்து அம்மாவிடம், "வீடு வடிவா இருக்கு, அம்மா" என்றார்.

அவர் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனுசன், பாவம், வாய் வார்த்தைக்குச் சொல்லிட்டுப் போறாரு. பூச்சு இல்ல, வெள்ள இல்ல. இதுல என்னாடி அழகக் கண்டாரு?" நான் விளக்கம் சொல்லப் போனேன். அடுப்பில் பாயசம் பொங்கிவிட்டது, அம்மா ஓடிவிட்டார்.

அந்த வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு காலையில் மழை ஓய்ந்ததும் பின்வாசலில் நின்று அம்மா என்னைக் கூப்பிட்டார். கீழே மணற்கரை ஓரிடத்தில் உடைந்து இறங்கியிருந்தது. பழைய வரைபடத்தில் வீடுகள் இருந்த இடம் முழுக்கக் கலங்கிய தண்ணீர். நட்டுவைத்த அடையாளக் கம்புகளின் நுனிகூடத் தெரியவில்லை. அம்மா கட்டைவிரலைத் தூக்கி, அந்தத் தண்ணீரில் ஓர் இடத்தைத் தேடி வைத்தார். மூன்றாவது வீடு.

பிறகு குனிந்து, எங்கள் வாசற்படியைக் கையால் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"ஏன்டி சரசு, உங்க சாரு வடிவுன்னாரே, அது இதுதானா?"

"ஆமாம்மா" என்றேன்.